சிவப்புத் தொப்பியைப் பிடித்த போலீஸ்: பள்ளி நாடகத்துக்கு ஓர் உண்மைக் கதை வேண்டும்

கேள்வி
தாமிரபரணி டீச்சர்

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டு விழாவுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேரை வைத்து இருபது நிமிட நாடகம் போட வேண்டும். சென்ற ஆண்டு கட்டபொம்மன் போட்டோம். அட்டைக் கத்திதான், ஆனாலும் ஒரு பையனின் புருவத்தைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று தையல். அவனுடைய அம்மா வந்து என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இந்த ஆண்டு கத்தி, துப்பாக்கி, தூக்குமேடை எதுவும் கூடாது என்று தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளோ சர்வாதிகாரியை எதிர்க்கிற கதைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சர்வாதிகாரி வேடத்துக்கு நான்கு பேர் போட்டி. ஒருவன் மீசைகூட வரைந்துகொண்டு வந்துவிட்டான். எதிர்க்கிறவர் வேடத்துக்குத்தான் ஆளில்லை. "டீச்சர், எதிர்க்கிறவன் நீளமாக வசனம் பேசுவான், கடைசியில் செத்துப்போவான். யாருக்கு வேண்டும் அந்த வேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஊர்வலம், உண்ணாவிரதம், உப்பு எல்லாம் எனக்குத் தெரியும். அவை வேண்டாம். சாதாரண ஜனங்கள், கையில் கல்லைக்கூட எடுக்காமல், குறும்பு செய்தே ஒரு கொடுங்கோல் அரசைத் திணறடித்த கதை வேண்டும். அது நடந்த கதையாக இருக்க வேண்டும்; நானே கட்டிவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. இரண்டு பெஞ்சு, ஒரு திரை, கொஞ்சம் கிரேப் தாள், இவ்வளவுதான் எங்கள் சொத்து. இன்னொன்றும் கேட்கிறேன்: இப்படிச் செய்ததால் உண்மையிலேயே ஏதாவது ஆனதா? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.


ஓடர்க்கரையான்

டீச்சர், நீங்கள் கேட்கும் கதை என் வீட்டிலிருந்து நான்கு டிராம் நிறுத்தம் தள்ளி நடந்தது.

நான் தென்காசிக்காரன். ஒன்பது ஆண்டுகளாகப் போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் என்ற ஊரில் இருக்கிறேன். (ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கே ஓராண்டு பிடித்தது. வாய்க்கு வந்தபடி சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) இந்த ஊரில் தெருவுக்குத் தெரு வெண்கலக் குள்ளர்கள். முழங்கால் உயரம்கூடக் கிடையாது. ஒருவன் தூங்குகிறான், ஒருவன் சிறைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பேர் ஒரே கல்லுருண்டையை எதிரெதிராக நின்று தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கில். என் மகளுக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் குள்ளர் கணக்கெடுக்கக் கிளம்பிவிடுவாள். ஏதோ சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்த பொம்மைகள் என்றுதான் நானும் நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்மாடிப் பாட்டிதான் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உன் மகள் எண்ணிக்கொண்டிருப்பது யாரை என்று தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. போலந்தின் கம்யூனிஸ்டு அரசுக்குத் தலைவராக இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி நாட்டில் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர்களை இரவோடு இரவாகப் பிடித்து அடைத்தார்கள். கூட்டம் கூடக் கூடாது, ஊரடங்கு, கடிதங்களுக்குத் தணிக்கை. ஜனங்கள் இரவில் சுவரில் எழுதினார்கள். பொழுது விடிவதற்குள் அரசாங்கத்து ஆட்கள் வந்து அதன் மேல் வண்ணம் அடித்து மறைத்தார்கள். நாளடைவில் ஊர்ச் சுவர்கள் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டன. எங்கே ஒட்டு இருக்கிறதோ அங்கே அரசுக்குப் பிடிக்காத ஒன்று இருந்திருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

வால்டெமர் ஃபிட்ரிச் என்று ஒருவர். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் கலை வரலாறும் படித்தவர். 'மேஜர்' என்று பட்டப்பெயர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 1982 ஆகஸ்ட் 30 இரவு, நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அப்படி ஒட்டுப்போட்ட இடத்தின் மேல் ஒரு குள்ளனை வரைந்தார். கூம்புத் தொப்பி, கையில் ஒரு பூ. கோஷம் கிடையாது, யார் பெயரும் கிடையாது. அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் வரைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குள்ளர்கள் ஆகிவிட்டார்கள்.

இப்போது அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அழித்தால், குள்ளன் பொம்மைக்குப் பயந்த அரசு என்று ஊர் சிரிக்கும். விட்டுவைத்தால், அடித்து மறைத்த இடமெல்லாம் பூவைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். வூட்ச் நகரத்தில் மேஜர் வரையும்போதே பிடிபட்டார். காவல் நிலையத்தில் அவர் கொடுத்த விளக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. "சுவரில் எழுதிய கோஷம் ஒரு கருத்து. அதன் மேல் நீங்கள் அடித்த வண்ணம் எதிர்க்கருத்து. இரண்டும் மோதிப் பிறந்தவன் இந்தக் குள்ளன்" என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். கம்யூனிஸ்டுக் கட்சியின் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிற அதே மார்க்சியப் பாடம். கேட்டுக்கொண்டிருந்த காவலருக்கு அது பாடமா பரிகாசமா என்று புரிந்திருக்குமோ என்னவோ.

1987இல் குள்ளர்கள் சுவரிலிருந்து இறங்கிவிட்டார்கள். 'ஆரஞ்சு மாற்று' என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர். ஷ்விட்னிட்ஸ்கா தெருதான் அவர்களுடைய மேடை. அந்த ஆண்டு ஜூன் 1, குழந்தைகள் தினத்தன்று சிவப்புத் தொப்பியுடன் மிட்டாய் கொடுத்தார்கள். போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. வண்டி ஜன்னல் வழியாகவும் மிட்டாய் வீசினார்கள். அக்டோபரில், கடைகளில் கிடைக்காத கழிப்பறைத் தாளைத் தெருவில் நின்று ஒவ்வொரு தாளாகக் கிழித்து விநியோகித்தார்கள். நவம்பர் 6தான் உச்சம். மறுநாள் ரஷ்யப் புரட்சியின் எழுபதாவது ஆண்டு. அரசே கொண்டாடச் சொல்கிற விழா. சரி, கொண்டாடுவோம், எல்லாரும் சிவப்பு அணிந்து வாருங்கள் என்று அழைப்பு விட்டார்கள். சிவப்புச் சட்டை, சிவப்புக் காலுறை, சிவப்பு நகப்பூச்சு. சிவப்பாக ஒன்றுமே இல்லாதவர்கள் நீள ரொட்டி வாங்கி, அதில் தக்காளி சாஸை ஊற்றி, கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 'பார்பரா' என்ற சிற்றுண்டிச் சாலையில் பீட்ரூட் சூப் கேட்டு வரிசை. கம்யூனிஸ்டு நாட்டில், புரட்சி நாளுக்கு முந்தின மாலையில், சிவப்பு அணிந்த குற்றத்துக்காகப் போலீஸ் ஆட்களைப் பிடித்தது. டீச்சர், இதற்கு நீங்கள் வசனமே எழுத வேண்டாம்.

1988 ஜூன் 1. மறுபடியும் குழந்தைகள் தினம். இந்த முறை பத்தாயிரம் பேருக்கு மேல். மேல்மாடிப் பாட்டி அன்று அங்கே இருந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். துணிக்கடையில் வேலை, அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். தொப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். இல்லை, கிரேப் தாளில் செய்தது, வியர்வையில் சாயம் இறங்கி நெற்றியெல்லாம் சிவந்து, இரண்டு நாள் கழுவியும் போகவில்லையாம். (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்குத் தொப்பியின் உட்பக்கம் துணி வைத்துத் தையுங்கள்.) ஒரு போலீஸ்காரர் அவருடைய தொப்பியைப் பறித்தார். பக்கத்தில் இருந்தவளுடையதையும் பறித்தார். மூன்றாவதையும் பறித்தார். பறித்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு கையில் தடி. தரையில் போட்டால் யாராவது எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் மூன்று தொப்பிகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோளைத் தூக்க முடியாமல், அப்படியே நின்றாராம். பாட்டி அதை நடித்துக் காட்டினார். எழுபத்தைந்து வயதில், படிக்கட்டில், காய்கறிப் பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

பொம்மைகள் பின்னால் வந்தவை. 2001இல் அந்தத் தெருவிலேயே அப்பாக் குள்ளனுக்குச் சிலை வைத்தார்கள். மற்றக் குட்டிக் குள்ளர்கள் 2005 முதல் வரத் தொடங்கினார்கள்.

"ஏதாவது ஆனதா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போது தொடவில்லை. யாராவது சண்டைக்கு வருவார்கள், அப்போது எழுதுகிறேன்.


மின்தடை

டீச்சர், நான் கோயம்புத்தூரில் நாற்பது ஆண்டு ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்தவன். இப்போது கடையைப் பையனிடம் விட்டுவிட்டேன். ஓடர்க்கரை அவர்கள் சொன்ன அதே நாட்டில், அதே காலத்தில், என் தொழிலோடு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது ரெசிஸ்டர். சாலிடாரிட்டி சின்னத்தைச் சட்டையில் குத்தினால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் ஜனங்கள் ரெசிஸ்டரைக் குத்திக்கொண்டு நடந்தார்கள். ரேடியோவுக்குள் இருக்குமே, அதேதான். போலந்து மொழியில் அதற்கு 'ஒப்போர்னிக்' என்று பெயர். எதிர்ப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் மொழியிலும் மின்தடைதானே! கால் வாட் ரெசிஸ்டர் நெல்மணியை விடக் கொஞ்சம் பெரியது. இரண்டு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைக் காலரில் செருகி உட்புறம் வளைத்துவிட்டால் பொத்தான் மாதிரி நிற்கும். உடம்பில் வண்ண வண்ணப் பட்டைகள். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். ஐம்பது ரூபாய்க்கு உங்கள் வகுப்பு முழுவதற்கும் வாங்கிவிடலாம். கூர்முனையை மட்டும் மடக்கிவிடுங்கள், புருவத்துக்கு வந்தது கழுத்துக்கு வர வேண்டாம்.

இரண்டாவது கதை ஷ்விட்னிக் என்ற சிற்றூரில் நடந்தது. (மேலே வந்த தெருப் பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது நாட்டின் கிழக்கே, லூப்ளின் பக்கம். ஹெலிகாப்டர் தொழிற்சாலை உள்ள ஊர்.) மாலை ஏழரைக்கு அரசாங்கத் தொலைக்காட்சியில் செய்தி. அதில் வருவது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். செய்தியைப் பார்க்காமல் இருந்தால் மட்டும் போதுமா? நான் பார்க்கவில்லை என்பது அடுத்த வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? 1982 பிப்ரவரி 5 அன்று, செய்தி ஆரம்பிக்கிற நேரத்தில் வீட்டை விட்டு இறங்கி ஊர் நடுவே உலாவத் தொடங்கினார்கள். நடக்கிறோம், அவ்வளவுதான். நடப்பதற்குத் தடை இல்லை. நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. சிலர் டிவி பெட்டியை ஜன்னலில் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்கள்; அறிவிப்பாளர் காலியான தெருவுக்குச் செய்தி வாசிக்கட்டும் என்று. சிலர் குழந்தை வண்டியில் டிவி பெட்டியை ஏற்றி, உலாவக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் பெட்டியைச் சுமந்து மாடி ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது லேசான விளையாட்டில்லை. முன்பாரம் அதிகம். குழந்தை வண்டி குப்புறக் கவிழும். இருந்தும் பிப்ரவரிக் குளிரில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரடங்கு நேரத்தை இரவு ஏழு மணிக்கே கொண்டுவந்தார்கள். ஏழரைக்கு வெளியே வர முடியாது. ஜனங்கள் ஐந்து மணிச் செய்திக்கு உலாவக் கிளம்பிவிட்டார்கள்.

அட்டையில் டிவி செய்து, பழைய தள்ளுவண்டியில் ஏற்றுங்கள். டிவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையன் செய்தி வாசிக்கட்டும். மீசை வரைந்துகொண்டு வந்தானே, அவனே பொருத்தம்.


கடுகு

எல்லாரும் ரசித்துவிட்டீர்கள். குளிர்ந்த நீர் ஊற்ற ஒருவன் வேண்டும், நான் ஊற்றுகிறேன்.

போலந்து அரசு தொப்பியால் விழவில்லை. சாலிடாரிட்டியில் 1981இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் உறுப்பினர்கள். கடன் நாட்டின் கழுத்தை நெரித்தது. 1988இல் இரண்டு முறை வேலைநிறுத்த அலை. மாஸ்கோவில் கோர்பசேவ் உட்கார்ந்திருந்தார். டாங்கி அனுப்ப மாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. பிறகு வட்டமேசைப் பேச்சு, 1989 ஜூன் 4 தேர்தல். இதில் குள்ளன் எங்கே வருகிறான்? உங்கள் மேஜர் அதே தேர்தலில் மேலவைக்கு நின்று தோற்றுப்போனார்.

1981 டிசம்பரில் வூயெக் சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதும் அதே அரசுதான். அவர்களிடம் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கச் சொல்லியிருப்பீர்களா?

மியான்மரைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனங்கள் இரவு எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டினார்கள். பெண்கள் தங்கள் கைலிகளைக் கொடி கட்டித் தெருவுக்குக் குறுக்கே உலர்த்தினார்கள். அதன் அடியில் போனால் ஆண்மையின் மகிமை போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை, ஆகவே சிப்பாய்கள் நின்று கொடியை இறக்கிவிட்டுத்தான் வந்தார்கள். அற்புதமான யோசனை. உலகமே பாராட்டியது. மார்ச் 27 அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். பெலாரஸில் 2011இல் கோஷம் போடாமல் வெறுமனே கைதட்டிப் போராடினார்கள். யாரை எதிர்த்துக் கைதட்டினார்களோ அந்த அதிபர் லுகாஷென்கோ 2020 தேர்தலுக்குப் பிறகும் நாற்காலியை விடவில்லை.

பிள்ளைகளுக்குப் பொய்யான தைரியம் கொடுக்காதீர்கள், டீச்சர்.


ஓடர்க்கரையான்

வாருங்கள் கடுகு, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்.

நீங்கள் சொன்ன தகவல் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. தொப்பியால் அரசு விழுந்தது என்று இந்த ஊரில் எவரும் சொல்வதில்லை, சுற்றுலா வழிகாட்டிகளைத் தவிர. வூயெக் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதனால்தான் 1982இல் குள்ளன் சுவரில், இரவில் மட்டும் வந்தான். பகலில் தெருவில் இறங்கியது 1987இல். போலீஸ் சுடாது, அதிகம் போனால் வண்டியில் ஏற்றி மாலையில் விட்டுவிடும் என்ற நிலை வந்த பிறகு. மேஜர் கோமாளி வேடம் போட்டாலும் காலம் பார்க்கத் தெரிந்தவர். ஆனாலும் தப்பவில்லை: 1988 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, கடையில் கிடைக்காத மாதவிடாய் அணையாடையைத் தெருவில் பெண்களுக்கு விநியோகித்ததற்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, மேல்முறையீட்டில் முன்னதாகவே வெளியே வந்தார்.

மியான்மரில் கொடி கட்டிய பெண்களுக்குச் சுடத் தயாரான பட்டாளம் வாய்த்தது. அதற்குக் கைலியைக் குறை சொல்ல முடியாது. அங்கே வேலைக்குப் போக மறுத்த டாக்டர்களும், ரயில்வே ஊழியர்களும், வங்கி ஊழியர்களும்கூடத்தான் நசுக்கப்பட்டார்கள். அதை வைத்து வேலைநிறுத்தமே வீண் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் அல்லவா?

மேல்மாடிப் பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் நான் கேட்டேன்: "சாலிடாரிட்டி ஊர்வலத்துக்கு ஏன் போகவில்லை?" அவர் சொன்னார்: "அதற்கெல்லாம் தைரியசாலிகள் போவார்கள். எனக்குக் கடையில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். தொப்பி போட்டுக்கொண்டு போவதற்குத் தைரியம் வேண்டாம். பிடித்தால், குழந்தைகள் தினம் என்று சொல்லிக்கொள்ளலாம்." போய்ப் பார்த்தால் அவருடைய கடை முதலாளியம்மாவும் தொப்பியோடு நிற்கிறார்! ஆறு ஆண்டு ஒரே கடையில் வேலை. இருவரும் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் மற்றவரை உளவாளி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுநாள் கடையில் வியாபாரமே நடக்கவில்லையாம், அவ்வளவு பேச்சு. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து வந்த தேர்தலில் இருவரும் சேர்ந்துதான் ஓட்டுப் போடப் போனார்கள்.

பெலாரஸ் பற்றி ஒரே ஒரு திருத்தம். அங்கே கைதட்டியதற்காக ஒற்றைக் கை உள்ள ஒருவரைப் போலீஸ் பிடித்தது. 2013இல், நோபல் பரிசைக் கேலி செய்து கொடுக்கிற இக் நோபல் அமைதிப் பரிசை அந்நாட்டு அதிபருக்கும் போலீசுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். நாற்காலி ஆடவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

டீச்சர், நாடகத்துக்கு என் யோசனை: அரசு விழுவதைக் காட்டாதீர்கள். காவல் நிலையத்தோடு முடியுங்கள். ஏட்டு பேனாவை வைத்துக்கொண்டு குற்றத்தை எழுத வேண்டும். என்னவென்று எழுதுவார்? 'குள்ளனாக இருந்தார்' என்றா? 'மிட்டாய் கொடுத்தார்' என்றா?


தினைப்புனம்

அம்மா, நான் திருமங்கலத்துக்காரன். வயது எழுபத்தொன்று. போலந்துக் கதை நன்றாக இருந்தது. ஆனால் ஏட்டு பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்த காட்சி எங்கள் ஊரிலேயே உண்டு.

நாடக நடிகர் தியாகி விஸ்வநாததாஸ் சிவகாசியில் பிறந்தவர். திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. மருத்துவர் (நாவிதர்) குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் அரசை விமர்சித்து நாடகம் போட்டால் 1876ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். அவர் போட்டதோ வள்ளி திருமணம். முருகன் கதையை யார் தடை செய்ய முடியும்? அந்த நாடகத்தில் தினைப்புனக் காட்சி வருமே, வள்ளி பரண் மேல் நின்று குருவி விரட்டுகிற இடம். அங்கே பறவையைப் பற்றிப் பாடுவது இயற்கைதானே. இவர் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். கொட்டகையில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் அது எந்தக் கொக்கு என்று தெரியும். முன்வரிசையில் குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரருக்கும் தெரியும். ஆனால் கொக்கு என்றால் துரைதான் என்று அவரே அறிக்கையில் எழுத வேண்டுமே!

எழுதத்தான் எழுதினார்கள். பலமுறை சிறைக்குப் போனார். கடுகு சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. வெளியே வந்ததும் அடுத்த ஊரில் மறுபடியும் கொக்கு பறந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மயில் மேல் அமர்ந்தபடி மேடையிலேயே உயிர் போயிற்று.

என் தகப்பனார் சிறுவனாக இருந்தபோது அவருடைய நாடகத்தைப் பார்த்திருக்கிறார். பாட்டு முடிந்ததும் சனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்களாம். போலீஸ் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்பார்களாம். அதை அவர் சொல்லும்போது எண்பது வயதிலும் சிரிப்பார்.

உங்கள் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். வேடம் போடச் சொல்லவில்லை, கதையாகவாவது சொல்லுங்கள்.


தாமிரபரணி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் எழுத நேரமில்லை, ஒத்திகை.

போலந்தையே எடுத்துக்கொண்டோம். திருமங்கலம் ஐயா மன்னிக்க வேண்டும். உங்கள் கதையை வகுப்பில் சொன்னேன், கொக்குக்காகத் தனியாக ஒரு நாடகமே அடுத்த ஆண்டு வேண்டும் என்கிறார்கள். கடுகு அவர்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒரு பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு, ஆரம்பத்தில் "யாருக்கு வேண்டும் அந்த வேடம்" என்று கேட்டாளே, அவள் சொன்னாள்: "டீச்சர், சுரங்கத்தில் இறந்த ஒன்பது பேரையும் முதல் காட்சியில் சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் தொப்பி வேடிக்கையாக மட்டும் இருக்கும்." அதன்படி மாற்றி எழுதினேன். திரை விலகும்போது ஒன்பது காலணி ஜோடிகள் மட்டும் மேடையில் இருக்கும். பிறகுதான் சுவர், வண்ணம், குள்ளன்.

ரெசிஸ்டர் வாங்கியாயிற்று. மின்தடை ஐயா, முப்பத்தெட்டு ரூபாய்தான் ஆனது. எல்லாரும் வகுப்புக்கே குத்திக்கொண்டு வருகிறார்கள். இயற்பியல் ஆசிரியர் பட்டைகளைப் பார்த்து மதிப்பு சொல்லச் சொல்லி வாசலில் நிறுத்தி வைக்கிறார்.

இப்போது ஒரே ஒரு தகராறு. சர்வாதிகாரி வேடத்தை யாரும் கேட்பதில்லை, மீசைக்காரனும் விலகிவிட்டான். எல்லாருக்கும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்குகிற போலீஸ்காரர் வேடம்தான் வேண்டுமாம். நேற்று சென்ற ஆண்டு புருவத்தில் தையல் போட்ட பையனுக்கே அதைக் கொடுத்தேன். மூன்று தொப்பி போதாது என்று ஐந்து கேட்கிறான். ஐந்தையும் இடுக்கிக்கொண்டு விசில் ஊதப் பார்க்கிறான், கை வாய்க்கு எட்டவில்லை. ஒத்திகை அதோடு நின்றுபோனது. யாராலும் வசனம் பேச முடியவில்லை.

ஓடர்க்கரை அவர்களே, பாட்டியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அந்தப் போலீஸ்காரர் கடைசியில் தொப்பிகளை என்ன செய்தார்?